"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்: நரம்பியல் வேறுபாடுள்ள இளையோர் சட்டத்தின் முன் நிற்கும்போது செய்ய வேண்டியவை

ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும்), டிஸ்லெக்சியா (வாசிப்புச் சிக்கல்), மொழி வளர்ச்சிக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கருவில் இருந்தபோது தாய் அருந்திய மதுவால் வந்த பாதிப்பு, தலைக்காயத்தின் பின்விளைவு. இவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்தோ உள்ள பிள்ளைகள் வெளி உலகத்தைவிட இளையோர் நீதி அமைப்புக்குள் மிக அதிகம். ஏடிஹெச்டி பொதுவாக நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்கு இருக்கும். காவலில் உள்ள இளையோரிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது 30 பேர் வரை வந்தது. மொழி வளர்ச்சிக் குறைபாடு பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு. காவலில் பாதிப் பேருக்கு மேல் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் பேங்க்சியா ஹில் தடுப்பு மையத்தில் 99 இளையோரை முழுமையாகப் பரிசோதித்து 2018இல் வெளியிட்டார்கள். 89 சதவீதம் பேருக்கு மூளையின் ஏதோ ஒரு செயல்பாட்டிலாவது கடுமையான குறை இருந்தது. 36 பேருக்குக் கரு மது பாதிப்பு. அந்த 36 பேரில் அதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தவர்கள் இரண்டே பேர்.

அந்தக் கடைசி எண்தான் இந்த வழிகாட்டிக்கு அடிப்படை. உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் மருத்துவச் சான்று இருக்காது. குறை இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது. "திமிர்", "அக்கறையில்லை", "பொய் சொல்கிறான்", "கொஞ்சம்கூட வருத்தமில்லை" என்று கோப்பில் ஏறும் வரிகளில் பெரும்பகுதி, கேட்டது புரியாத, கேட்டதை நினைவில் வைக்க முடியாத, முகத்தில் உணர்வைக் காட்டத் தெரியாத ஒரு பிள்ளையைப் பற்றியவை. சான்று வரும்வரை காத்திருக்க வேண்டாம். கீழே உள்ளவற்றை எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யலாம். குறை இல்லாத பிள்ளைக்கு இவற்றால் எந்தக் கெடுதலும் இல்லை.

பெற்றோர், வழக்கறிஞர், நன்னடத்தை அலுவலர், இளையோரைக் காவலில் வைக்கும் இல்லத்தின் பணியாளர் என நால்வரையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

முதலில் கேட்க வேண்டியது: இந்தப் பிள்ளை இங்கே இருக்க வேண்டுமா?

ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2019இல் வெளியிட்ட 24ஆவது பொதுக் கருத்துரை இதில் தெளிவாக இருக்கிறது. வளர்ச்சித் தாமதமோ நரம்பு வளர்ச்சிக் குறைபாடோ உள்ள குழந்தைகள், குற்றப் பொறுப்பு வயதை (எந்த வயதிலிருந்து ஒருவர் மீது குற்றம் சாட்டலாம் என்று சட்டம் வைத்திருக்கும் வயது) எட்டியிருந்தாலும், இந்த அமைப்புக்குள் வரவே கூடாது. சட்டம் தானாக விலக்காத இடங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். வழக்கறிஞர் முதல் மனுவிலேயே இதைச் சுட்டிக்காட்டி, வழக்கை நீதிமன்றத்துக்கு வெளியே திருப்பிவிடக் கேட்க வேண்டும். பல வழக்குகளில் இந்தக் கோரிக்கை நிராகரிக்கப்படுவதில்லை. யாரும் கேட்காததால்தான் நடப்பதில்லை.

முதல் சில மணி நேரம்

காவல் நிலையத்தில் நடப்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்கே பதிவாகும் ஒரு வாக்குமூலத்தைப் பிறகு எத்தனை நிபுணர் வந்தாலும் துடைப்பது கடினம்.

பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் ஒரு பக்கத் தாள். பிரச்சினை வருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அதில் இருக்க வேண்டியவை: பிள்ளை எந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பும், எப்படிப் பேசினால் புரியும், எது பதற்றத்தைக் கிளப்பும் (தொடுதல், ஒரே நேரத்தில் இருவர் பேசுவது, ட்யூப் லைட்டின் இரைச்சல்), பதற்றம் வந்தால் வெளியே எப்படித் தெரியும், எது தணிக்கும், மருந்தின் பெயரும் அளவும் நேரமும், கண்ணாடி அல்லது காது கேட்கும் கருவி உண்டா, யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில். காவல்துறை, வழக்கறிஞர், நீதிபதி, மருத்துவர், இல்லம் என ஐந்து பிரதி.

அந்தத் தாளில் சம்பவத்தைப் பற்றி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. "அன்று நண்பர்களோடு போனான்" என்று ஒரு வரி எழுதினால்கூட அது சான்றாகத் திரும்பி வரலாம். அதேபோல "கோபம் வந்தால் அடிப்பான்" என்று எழுதாதீர்கள். "பின்னாலிருந்து தொட்டால் கையை வீசி உதறுவான், முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிற்பான்" என்று எழுதுங்கள். முன்னது பிள்ளைக்கு ஒரு பட்டம் கட்டுகிறது. பின்னது காவலருக்கு என்ன செய்வது என்று சொல்கிறது.

வழக்கறிஞர் வரும்வரை சம்பவம் பற்றிப் பேச்சே வேண்டாம். இதைப் பிள்ளைக்குச் சொல்லும்போது "உனக்கு அமைதியாக இருக்கும் உரிமை உண்டு" என்ற வாக்கியம் வேலை செய்யாது. அமைதியாக உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் பிள்ளைகள் உண்டு. "வக்கீல் வர்ற வரைக்கும் என்ன நடந்ததுன்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். போலீஸ் கேட்டாலும் சொல்ல வேண்டாம். பசிச்சா, வலிச்சா, பாத்ரூம் போகணும்னா சொல்லலாம்" என்று உடைத்துச் சொல்லுங்கள். பிறகு "இப்ப நீ யார்கிட்ட என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது?" என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ஆங்" என்றுதான் வரும். புரியாதவர்கள் அனைவரும் சிறு வயதிலிருந்து கற்றுக்கொண்ட பதில் அது.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. "மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்குப் போகலாம் வா" என்று பிள்ளையை அவசரப்படுத்துவதுதான் பெற்றோரால் நேரும் பெரிய சேதம். செய்யாததற்கும் அவர் தலையாட்டிவிடுவார். இன்னொன்று, இந்த வேறுபாடுகளில் பல பரம்பரையாக வருபவை. உடன் வந்த அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதே வாசிப்புச் சிக்கல், அதே மறதி இருக்கலாம். அலுவலர்கள் பெற்றோரிடமும் எளிய மொழியில் பேசுங்கள், எழுதியும் கொடுங்கள்.

நாட்டுக்கு நாடு பாதுகாப்புகள் மாறும், கேட்டால்தான் கிடைக்கும். இந்தியாவின் 2016 சிறார் நீதி மாதிரி விதிகள் காவல் அதிகாரி பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ தேவைப்பட்டால் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துக் கேட்கக் கூடாது என்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தகவல் பரிமாற்றத்துக்கு உதவும் இடையீட்டாளர் என்ற ஏற்பாடு வளர்ந்தது. முதலில் சாட்சிகளுக்கு, பிறகு நீதிமன்றம் அனுமதித்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கும். உங்கள் ஊர்ச் சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். பேச்சு மொழிப் பயிற்சியாளரோ சிறப்பு ஆசிரியரோ அந்த இடத்தில் உட்கார்ந்தால் பிள்ளையின் பதில்களே மாறிவிடும்.

கேள்வி கேட்கும் கலை

இதற்குத்தான் நீளமாக இடம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

தமிழில் கேள்வி கேட்கும்போது நம்மை அறியாமலே விடையை ஊட்டிவிடுகிறோம். "நீதானே எடுத்தே?" என்பதில் அந்த "தானே" பதிலைச் சொல்லிவிட்டது. எதிர்த்துப் பேசப் பயப்படும் பிள்ளையும், பெரியவருக்குப் பிடித்ததைச் சொல்லிப் பழகிய அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையும் "ஆமா" என்பார்கள். "நீ அங்க போகலையா?" என்று எதிர்மறையில் கேட்டால் இன்னும் மோசம். "ஆமா" என்று வந்தால் போகவில்லை என்பதா, போனேன் என்பதா? எழுதுபவர் தனக்குத் தோன்றியதை எழுதுவார். "கத்தியை அவன் கொடுத்தானா, நீயே கொண்டு போனியா?" என்று இரண்டில் ஒன்றைக் கேட்டால், கடைசியில் கேட்டதையே திருப்பிச் சொல்லும் பழக்கம் ஆட்டிசம் உள்ள பலரிடமும், நினைவாற்றல் குறைந்த பலரிடமும் உண்டு. வரிசையை மாற்றிக் கேட்டுப் பாருங்கள், பதிலும் மாறும். அப்படி மாறினால் இரண்டு பதிலுமே பயன்படாது.

அடுத்தது உருவகங்கள். "கை வச்சியா?" என்றால் தொட்டாயா, அடித்தாயா, திருடினாயா? "உண்மையைக் கக்கு", "கம்பி எண்ணப் போறே", "ஒரு நிமிஷம் இரு" எல்லாமே சொல்லுக்குச் சொல் கேட்கும் பிள்ளையைக் குழப்பும். கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது அவர் கத்திக்கொண்டிருப்பார், "அடங்காதவன்" என்று பதிவாகும். நேரத்தைச் சொன்னால் சரியான நேரத்தைச் சொல்லுங்கள்.

நாங்கள் பரிந்துரைக்கும் முறை இது. ஒவ்வொரு கேள்வியையும் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள், கவனம் திரும்பியதைப் பார்த்த பிறகு கேளுங்கள். எட்டுப் பத்துச் சொல்லுக்கு மேல் போகாத வாக்கியம், அதில் ஒரே ஒரு விஷயம். "அவன், இவன், அங்கே, அது" வேண்டாம். ஆளின் பெயர், இடத்தின் பெயர். "அன்னைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பினதிலிருந்து சொல்லு" என்று திறந்த அழைப்பில் தொடங்கி, "அதுக்கு அப்புறம் என்ன நடந்தது?" என்று மட்டும் நகர்த்துங்கள். "ஏன் செஞ்சே?" கடைசி வரை வேண்டாம். ஏன் என்பதற்கு விடை சொல்ல, தன் மனநிலையையும் அடுத்தவர் மனநிலையையும் கால வரிசையில் கோத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கடினமான வேலை அதுவே. "தெரியல" என்றால் பெரும்பாலும் உண்மையாகவே தெரியவில்லை.

கேட்ட பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இதைச் செய்வது கேட்பதைவிடக் கடினம். ஆறாவது நொடியில் நீங்கள் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்டால், அவர் புதிதாக இன்னொரு கேள்வியைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டும். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால் "முதல் பதில் தப்பு போல" என்று எடுத்துக்கொண்டு மாற்றிச் சொல்வார். திரும்பக் கேட்டே ஆக வேண்டுமென்றால், "நீ சொன்னது தப்பில்ல. நான் சரியாக் கேக்கல, அதான் மறுபடி கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை. பிள்ளை கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், அவர் கேட்க மாட்டார். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லாதீர்கள். கண்ணைப் பார்ப்பதற்கே முழு உழைப்பும் போய்விட்டால் கேள்விக்கு மிச்சமிருக்காது. கையில் உருட்ட ஏதாவது ஒரு பொருள், அறையில் மொத்தம் எத்தனை பேர், யார் எதற்காக இருக்கிறார்கள் என்று தொடக்கத்திலேயே ஒரு அறிமுகம். நடந்ததை வரைந்து காட்ட ஒரு வெள்ளைத்தாள் எப்போதும் மேசையில் இருக்கட்டும். சொல்ல முடியாததைப் பலர் வரைந்துவிடுவார்கள்.

இவை விசாரணையை மெதுவாக்கும் என்பார்கள். 2021இல் வெளியான மெந்தெஸ் கோட்பாடுகள், பயனுள்ள நேர்காணல் பற்றிய சர்வதேச வழிகாட்டி, சொல்லும் வாதம் எளிமையானது: மிரட்டாமல், வழிநடத்தாமல் கேட்டால்தான் நம்பத்தகுந்த தகவல் கிடைக்கும். தவறான ஒப்புதலால் நேரும் தாமதத்தோடு ஒப்பிட்டால் பத்து நொடி ஒன்றுமில்லை.

மதிப்பீடு: எதைக் கேட்டு வாங்குவது

முதலில் காதும் கண்ணும். பல ஆண்டு காதுச் சீழ் இருந்த பிள்ளைக்கு "கவனமின்மை" என்று பெயர் வைப்பது அடிக்கடி நடக்கிறது. பிறகு ஒரு கேள்வி: "எப்பவாவது தலையில அடிபட்டு மயங்கி விழுந்திருக்கியா? எத்தனை தடவை?" பெற்றோரிடமும் தனியாகக் கேளுங்கள். வண்டியில் விழுந்தது, மரத்திலிருந்து விழுந்தது, வீட்டில் வாங்கிய அடி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். மனக்காயமும் ஏடிஹெச்டியும் வெளியில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் சேர்ந்தும் இருக்கும். ஒன்றைக் கண்டதும் மற்றொன்றைத் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகள் குறிப்பாகத் தவறிப்போகிறார்கள். மற்றவர்களைப் பார்த்து நடித்துச் சமாளிக்கப் பழகியவர்கள் என்பதால் கேட்பவருக்குச் "சாதாரணமாத்தான் பேசுது" என்று தோன்றும். நேர்காணல் முடிந்த பிறகு என்ன ஆகிறார்கள் என்று கேளுங்கள்: பேசாமல் சுருண்டுவிடுகிறார்களா, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறார்களா.

சோதனை பிள்ளையின் தாய்மொழியில் நடக்க வேண்டும். முந்தின இரவு தூங்கியிருக்க வேண்டும். வழக்கமான மருந்து போட்டிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அறிக்கையில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

அறிவுத்திறன் எண் மட்டும் உள்ள அறிக்கையை வாங்கிக்கொண்டு வராதீர்கள். எண் சராசரிக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதே பிள்ளை பேச்சைப் புரிந்துகொள்வது தன்னைவிடப் பல வயது இளைய குழந்தையின் அளவில் இருக்கும். எண்ணைப் பார்த்த நீதிபதி "எல்லாம் புரியும்" என்று முடிவுகட்டிவிடுவார். உளவியலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை சொல் கொண்ட வாக்கியம் வரை இவருக்குப் புரிகிறது? எத்தனை படிகள் கொண்ட அறிவுறுத்தலை நினைவில் வைக்கிறார்? எந்த வகுப்புப் பிள்ளையின் அளவில் வாசிக்கிறார்? எத்தனை நிமிடம் கவனம் நிற்கும்? நேரத்தையும் தேதியையும் கணிக்கத் தெரியுமா? வழிநடத்தும் கேள்விக்கு எந்த அளவு வளைகிறார்? நீதிமன்றம் என்னென்ன மாற்றம் செய்தால் இவரால் பங்கேற்க முடியும்? இந்த ஏழுக்கும் விடை உள்ள இரண்டு பக்கம், இருபது பக்க அறிக்கையைவிட வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. குறைபாட்டின் பெயர் பிள்ளைக்கு எதிராகவும் திரும்பும்: "மாறவே மாட்டார், ஆபத்தானவர்". அதனால் பெயரை மட்டும் தனியாக முன்வைக்காதீர்கள். ஒவ்வொரு குறையோடும் அதற்கான உதவி என்ன, யார் தருவார், எந்த நாளிலிருந்து என்பதைச் சேர்த்தே கொடுங்கள். குறைபாடுதான் குற்றத்துக்குக் காரணம் என்று சான்று இல்லாமல் சொல்லவும் வேண்டாம். ஆட்டிசம் உள்ள பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்வதில்லை. அவர்களையும் சேர்த்து நாம் களங்கப்படுத்தக் கூடாது.

நீதிமன்ற அறையில்

முதல் விசாரணைக்கு முன் ஒரு நாள் அந்த இடத்துக்கு அழைத்துப் போங்கள். எந்த வாசல், எங்கே காத்திருப்பது, யார் எங்கே உட்காருவார், கழிப்பறை எங்கே என்று காட்டி, அனுமதி இருந்தால் படமெடுத்துக் கொடுங்கள். விசாரணைக்கு நிலையான நேரம் கேளுங்கள். காலை பத்து மணிக்கு வரச் சொல்லி மதியம் மூன்றுக்குக் கூப்பிட்டால், காலையில் போட்ட ஏடிஹெச்டி மருந்தின் வேகம் அடங்கியிருக்கும் (குறுகிய கால மெத்தில்ஃபெனிடேட் மூன்று நான்கு மணி நேரமே நிற்கும்). அறைக்குள் நுழைவது ஓய்ந்து போன, எரிச்சலான ஒரு பிள்ளை.

நீதிமன்றச் சொற்களை முன்கூட்டியே உடைத்து வையுங்கள். "பிணை" என்றால்: "இப்ப வீட்டுக்குப் போகலாம். இந்தத் தேதிக்கு மறுபடி இங்க வரணும். வராட்டி போலீஸ் தேடி வருவாங்க." "வாய்தா" என்றால்: "இன்னைக்கு முடியல. இன்னொரு நாள் வரணும். நீ தப்புப் பண்ணினதால இல்ல." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

நீதிபதியிடம் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டிய சில விதிகள் உண்டு: ஒரு நேரத்தில் ஒருவரே பேசுவது, இருபது நிமிடத்துக்கு ஒரு இடைவேளை, குறுக்கு விசாரணையில் "தானே" கேள்விகள் இல்லை, கேள்விகளை இடையீட்டாளர் முன்கூட்டியே பார்ப்பது, பிள்ளை தனக்குப் புரியவில்லை என்று காட்ட ஒரு வண்ண அட்டை.

வருத்தம் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டுக்குத் தயாராக இருங்கள். பதற்றத்தில் சிரிப்பவர்கள் உண்டு. முகம் கல்லாக இறுகுபவர்கள் உண்டு. தன் உள்ளே ஓடும் உணர்வுக்குப் பெயர் சொல்லத் தெரியாதவர்கள் ஏராளம். வழக்கறிஞர் இதை விசாரணைக்கு முன்பே, சிரிப்பு வருவதற்கு முன்பே, நீதிபதிக்குச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சாக்காகத் தெரியும். பாதிக்கப்பட்டவரைச் சந்திக்கும் சமரசக் கூட்டம் என்றால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. தயாரிப்பில்லாமல் ஒரு மொழிக் குறைபாடுள்ள பிள்ளையை அங்கே உட்கார வைத்தால் "ம்", "தெரியல", "சாரி" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார். பாதிக்கப்பட்டவர் இரண்டாம் முறை காயப்பட்டுப் போவார். எழுதி வாசிப்பது, வரைவது, ஏதாவது ஒரு வேலையாகச் செய்து ஈடு கொடுப்பது என மாற்று வழிகளைத் தேடுங்கள். மூன்று நான்கு முறை ஒத்திகை பார்க்காமல் கூட்டத்தைக் கூட்டாதீர்கள்.

நிபந்தனைகள்: தோற்பதற்கென்றே எழுதப்படுபவை

இந்தப் பிள்ளைகளில் பலர் மறுபடி உள்ளே வருவது புதுக் குற்றத்தால் அல்ல, வெளியே விடும்போது விதித்த நிபந்தனையை மீறியதால். எட்டு நிபந்தனை, இரண்டு அலுவலகம், மூன்று நாள், ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம். நேரத்தின் ஓட்டத்தையே உணர முடியாத ஏடிஹெச்டி பிள்ளைக்கு இது வைத்த பொறி.

மூன்று நான்குக்கு மேல் நிபந்தனை வேண்டாம் என்று வாதாடுங்கள். ஒவ்வொன்றும் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று குறிப்பாகச் சொல்வதாக இருக்கட்டும். "தீய சகவாசம் கூடாது" என்பது யாரை என்று சொல்லாத வரி. இந்த இந்தப் பெயருள்ள இருவரோடு பேசக் கூடாது, அவர்கள் எதிரே வந்தால் சாலையைக் கடந்து மறுபக்கம் போக வேண்டும், அழைத்தால் தொலைபேசியை எடுக்கக் கூடாது. இந்த அளவுக்கு இறங்கி எழுத வேண்டும். போகக் கூடாத பகுதி என்று ஒன்று இருந்தால் வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் கொடுப்பதோடு, பிள்ளையோடு அந்த எல்லையை ஒருமுறை நடந்து பாருங்கள். பள்ளிக்கூடமோ பாட்டி வீடோ அந்த எல்லைக்குள் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டுமென்றால் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே அலுவலர். முந்தின நாள் மாலை ஒரு நினைவூட்டல், அன்று காலை ஒன்று, கிளம்ப வேண்டிய நேரத்தில் ஒன்று. மூன்றாவதுதான் உண்மையில் வேலை செய்கிறது, ஏனென்றால் இவர்கள் மறப்பது சந்திப்பை அல்ல, கிளம்புவதை. முதல் முறை தவறினால் மீறல் அறிக்கை அனுப்புவதற்கு முன் "என்ன தடுத்தது?" என்று விசாரித்து ஏற்பாட்டை மாற்றிப் பாருங்கள். வர மறுப்பதும் வர முடியாமல் போவதும் அறிக்கையில் வேறு வேறாகப் பதிவாக வேண்டும்.

இல்லத்துக்குள்

நுழையும் நாளில் மருந்து தவறுவதே முதல் ஆபத்து. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும். குளோனிடின் (ஏடிஹெச்டிக்கும் தரப்படும் ஒரு மருந்து) எடுப்பவருக்குத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் தாறுமாறாக எகிறும். மருந்துச் சீட்டின் படம் பெற்றோர், வழக்கறிஞர் இருவர் தொலைபேசியிலும் இருக்கட்டும். அன்று இரவு வேளைக்கே மருந்து கிடைக்கிறதா என்று மருத்துவப் பிரிவிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். "நாளை மருத்துவர் வந்து பார்ப்பார்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

உடல் சோதனையை ஒவ்வொரு படியாகச் சொல்லிச் செய்யுங்கள்: "இப்ப உன் வலது கைச் சட்டையைத் தொடப் போறேன்." தினசரி அட்டவணை படங்களோடு அறையில் ஒட்டியிருக்கட்டும், மாற்றம் இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள். இல்ல விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினால் வாசிக்க முடியாத பலருக்கு அது வெறும் சுவர். பேசிக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சத்தம் அதிகமான கூடத்தில் சாப்பிட முடியாதவருக்குப் பத்து நிமிடம் முன்னதாகவோ ஓரமாகவோ இடம் கொடுங்கள். மற்ற பிள்ளைகள் இவர்களைச் சுரண்டுவது எல்லா இல்லத்திலும் நடக்கிறது. பொருளைக் கடத்தச் சொல்வார்கள், பழியை ஏற்கச் சொல்வார்கள், இவர் "நண்பன்" என்று நம்பிச் செய்வார். ஒரே பிள்ளை மீண்டும் மீண்டும் மாட்டினால் அவருக்குப் பின்னால் யார் என்று தேடுங்கள்.

புலன்களும் மனமும் தாங்காமல் வெடிக்கும் நிலையைக் கோபத்தோடு குழப்பாதீர்கள். கோபப்படும் பிள்ளை எதையோ அடையப் பார்க்கிறார், அது கிடைத்தால் தணிவார். வெடித்த பிள்ளையிடம் பேரம் எடுபடாது. முன் அறிகுறிகள் இருக்கும்: நடை வேகமாகும், ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வார், காதைப் பொத்துவார், பேச்சு நின்றுபோகும். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு பணியாளர் பேச வேண்டும், குறைந்த சொற்களில். வேடிக்கை பார்ப்பவர்களை அனுப்பிவிடுங்கள், விளக்கைக் குறையுங்கள், கதவை மறித்து நிற்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் தவிரக் கை வைக்க வேண்டாம். வைக்க நேர்ந்தாலும் முகம் தரையில் பட அழுத்திப் பிடிக்கவே கூடாது, மூச்சு நின்று இறந்துபோகலாம்.

முடிந்த பிறகு உடனே "ஏன் இப்படிச் செஞ்சே?" என்று உட்கார வைத்தால் இரண்டாவது வெடிப்பு வரும். தண்ணீர், அமைதி, தூக்கம். விசாரிப்பது மறுநாள். தண்டனையாகத் தனியறையில் அடைப்பது தீர்வாகாது. சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறார் பற்றிய 1990ஆம் ஆண்டு ஐ.நா. விதிகளில் 67ஆவது விதி இளையோரைத் தனிமைச் சிறையில் வைப்பதைத் தடை செய்கிறது. "அமைதி அறை" என்று பெயர் மாற்றினாலும், உள்ளிருந்து பிள்ளை தன் விருப்பத்தில் வெளியே வர முடியாதென்றால் அது தனிமைச் சிறைதான்.

பயிற்சி வகுப்புகள்

கோபக் கட்டுப்பாடு, சிந்தனை மாற்றம் என்று ஒன்றரை மணி நேரம் நடக்கும் பேச்சு வகுப்பு இந்தப் பிள்ளைகள் மீது பட்டுத் தெறிக்கிறது. அதே பாடத்தை இருபது நிமிடமாக உடைத்து வாரம் மூன்று முறை நடத்துங்கள். எழுத்துத் தாளைக் குறைத்து நடித்துப் பார்ப்பதைக் கூட்டுங்கள். வகுப்பில் கற்றதை வெளியே பொருத்திப் பார்ப்பது இவர்களுக்குத் தானாக வராது. கடைவீதியில் தேவைப்படும் திறமையைக் கடைவீதியிலேயே பழக்க வேண்டும். பாராட்டும் பரிசும் அன்றே கிடைக்க வேண்டும், மாதக் கடைசியில் கிடைக்கும் மதிப்பெண் கண்ணுக்கே தெரியாது.

வெளியே போகும்போது

விடுதலைக்கு ஆறு வாரம் முன்பே பள்ளி அல்லது பயிற்சியிடம், மருத்துவர், தங்குமிடம் மூன்றும் பெயரோடும் தேதியோடும் உறுதியாக வேண்டும். முதல் மருத்துவச் சந்திப்பு விடுதலையான ஏழு நாளுக்குள். கையில் குறைந்தது இரண்டு வார மருந்து. முதல் சந்திப்புக்குப் பிள்ளையை முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பாமல், தெரிந்த ஒருவர் கூட்டிப் போக வேண்டும்.

பதினெட்டு வயதில் எல்லாம் அறுந்துபோவது வழக்கம். குழந்தை மருத்துவர் கைவிடுவார், வயது வந்தோர் மருத்துவர் புதிதாகச் சான்று கேட்பார், இளையோர் நீதிமன்றம் அறிந்திருந்த எதுவும் அடுத்த நீதிமன்றத்துக்குப் போகாது. பதினேழரை வயதிலேயே மதிப்பீட்டு அறிக்கையின் சான்றிட்ட பிரதியை இளைஞர் கையிலும் குடும்பத்திடமும் கொடுத்துவிடுங்கள். பழைய ஒரு பக்கத் தாளை அவரோடு உட்கார்ந்து திருத்தி எழுதுங்கள். இந்த முறை "இவனுக்கு" என்று இல்லாமல் "எனக்கு" என்று தொடங்கும் வாக்கியங்களில், அவர் சொல்லும் சொற்களில். யார் யாரிடம் அதைக் காட்ட வேண்டும், யாரிடம் காட்டத் தேவையில்லை என்பதை அவரே முடிவு செய்யட்டும்.